திருநீறு தேய்க்காதீர்கள்: பழைய அமெரிக்க வெள்ளி நாணயம் சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழ் கறுத்துப்போனால் திருநீற்றைத் தொட்டுத் தேய்ப்போம். ஐந்து நிமிடத்தில் புதிதுபோல ஆகிவிடும். அதே கையால் 1881ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்றைத் தேய்த்தால், அந்த ஐந்து நிமிடத்திலேயே அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். இந்த நாணயங்களைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் திருத்தவே முடியாதது இதுதான். அதிக விலை கொடுத்து வாங்கியதை நட்டத்துக்காவது விற்றுவிடலாம். தேய்த்த நாணயத்தைத் தேய்க்காத நாணயமாக யாராலும் மாற்ற முடியாது.

காரணம் நாணயம் பிறக்கும் விதத்தில் இருக்கிறது. அச்சு ஓங்கி அழுத்தும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரிந்து ஓடுகிறது. அந்த ஓட்டம் மேற்பரப்பில் நுண்ணிய வரிகளை விட்டுச்செல்கிறது. மேலே சொன்ன 1881இன் நாணயம் மோர்கன் டாலர் என்ற வகையைச் சேர்ந்தது. கைமாறிப் புழங்காத மோர்கன் டாலரை விளக்கின் கீழ் சாய்த்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள்: ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலச் சுற்றி வரும். சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது அந்த ஒளிக்குத்தான். புளி, பற்பசை, சமையல் சோடா, பாலிஷ் துணி எதுவானாலும் அந்த வரிகளை அறுத்துவிடும். பிறகு நாணயம் மின்னும். ஆனால் ஒளி சுழலாது. லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும். கறுப்பும் பழுப்பும் படிந்த நாணயம் அழுக்கானது அல்ல. பல வேளைகளில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் வைத்ததால் படியும் பச்சைப் பிசுக்கு மட்டும் விதிவிலக்கு. அதைத் தூய அசிட்டோனில் ஊறவைத்து நீக்கலாம், தேய்க்காமல், நெருப்பு அருகில் இல்லாமல்.

அடுத்த தவறு, ஆண்டை மட்டும் பார்த்து விலை பேசுவது. மோர்கன் டாலரில் ஆண்டு முன்பக்கத்தில் இருக்கிறது. எந்த நாணயச்சாலையில் அடித்தது என்ற குறியோ பின்பக்கத்தில், கழுகைச் சூழ்ந்த இலைவளையத்தின் முடிச்சுக்குக் கீழே இருக்கிறது. ‘எஸ்’ என்றால் சான்பிரான்சிஸ்கோ, ‘ஓ’ என்றால் நியூ ஆர்லியன்ஸ், ‘சிசி’ என்றால் நெவாடாவின் கார்சன் சிட்டி. குறியே இல்லையென்றால் பிலடெல்பியா. 1893இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தவை 1,00,000 மட்டுமே. அதனால்தான் அதே ஆண்டின் பிலடெல்பியா நாணயத்தில் ‘எஸ்’ எழுத்தை ஒட்டி விற்கும் மோசடி நடக்கிறது. உண்மையான 1893 ‘எஸ்’ நாணயத்தில், முன்பக்கத்து ‘லிபர்ட்டி’ என்ற சொல்லிலுள்ள ‘டி’ எழுத்தின் மேற்பகுதியில் ஒரு சிறு சாய்ந்த கோடு புடைத்திருக்கும். எழுத்தை ஒட்டுகிறவர் பின்பக்கத்தை மட்டுமே தொடுகிறார். அந்தக் கோட்டை அவரால் கொண்டுவர முடியாது.

குறைவாக அடித்தது என்றால் அரிது என்று நினைப்பதும் தவறு. கார்சன் சிட்டியில் 1885இல் அடித்தவை 2,28,000. 1889இல் அடித்தவை 3,50,000. ஆனால் புழங்காத நிலையில் 1889இன் நாணயமே பல மடங்கு விலை போகிறது. 1885இன் நாணயங்களில் ஏறத்தாழ 1,48,000 அரசுக் கருவூலத்தில் மூட்டையாகவே தூங்கிக் கிடந்து, 1970களில் அரசு நடத்திய விற்பனைகள் தொடங்கி வெளியே வந்தன. 1889க்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. இதற்கு நேரெதிரான பாடம் 1903இல் நியூ ஆர்லியன்ஸ் அடித்த டாலர். 1918இன் பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டபோது அவையும் போய்விட்டன என்றே எல்லோரும் நம்பினார்கள். புழங்காத ஒன்றுக்கு 1,500 டாலர் வரை விலைப்பட்டியலில் இருந்தது. 1962இன் இறுதியில் கருவூலத்திலிருந்து மூட்டைகள் வெளிவந்தன. விலை சரிந்து விழுந்தது. எத்தனை அடித்தார்கள் என்பதைவிட, எத்தனை எஞ்சின, எந்த நிலையில் எஞ்சின என்று கேளுங்கள்.

தரம் பற்றி ஒரு சொல். நாணயத்தின் நிலையை ஒன்று முதல் எழுபது வரை மதிப்பிடும் ஷெல்டன் அளவுகோலில் அறுபதும் அதற்கு மேலும் புழங்காதவை. நியூ ஆர்லியன்ஸ் நாணயங்கள் பலவற்றில் முன்பக்கத்துப் பெண்ணுருவின் காதுக்கு மேலுள்ள முடி தட்டையாக இருக்கும். உடனே தேய்மானம் என்று தள்ளிவிடாதீர்கள். அச்சு சரியாக அழுந்தாத இடத்திலும் அந்தச் சுழலும் ஒளி இருக்கும். தேய்ந்த இடத்தில் இருக்காது.

எடை பார்க்காமல் வாங்கக் கூடாது. மோர்கன் டாலர் 26.73 கிராம், சீன வணிகத்துக்காக அடித்த வர்த்தக டாலர் 27.22 கிராம், இரண்டும் 90 சதவீத வெள்ளி. சிறிய தராசு ஒன்று போதும், சந்தைப் போலிகளில் பாதியை விலக்கிவிடலாம் என்பது என் அனுபவம். ஆனால் அரை டாலரில் அவசரப்படாதீர்கள்: 1853இல் சட்டமே அதன் எடையை 13.36 கிராமிலிருந்து 12.44 ஆகக் குறைத்தது. ஆண்டின் இருபுறமும் உள்ள அம்புமுனைகள் அந்த மாற்றத்தின் அடையாளம். கண்ணாடிபோன்ற உறைக்குள் தரச்சான்றோடு வருகிறது என்பதால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். உறைகளையும் போலியாகச் செய்கிறார்கள். சான்று எண்ணை வழங்கிய நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்து, அங்குள்ள படத்தோடு நாணயத்தை ஒப்பிடுங்கள்.

வர்த்தக டாலர்கள் 1873 முதல் சீன வணிகத்துக்கென்றே அடிக்கப்பட்டவை. அவற்றில் பலவற்றின் மேல் சிறு சீன முத்திரைகள் பதிந்திருக்கும். காயம் என்று எண்ணி அவற்றைச் சமன்செய்யப் பார்த்த நாணயங்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன். வெள்ளி சுத்தமானதுதான் என்று சோதித்து ஏற்ற ஒரு வணிகர் தன் கையால் அடித்த குறி அது. அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.