மூன்றிலிரண்டு பலமுள்ள ஆளுங்கட்சியைக் கண்காணிப்பது எப்படி: திருகோணமலை வாக்காளருக்கு

இலங்கையின் 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. திருகோணமலை மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் இரண்டு அதற்குக் கிடைத்தன. அரசியலமைப்பைத் திருத்த 150 வாக்குகள் போதும் என்பதால், எதிர்க்கட்சியின் ஒத்துழைப்பு இல்லாமலே பெரும்பாலான திருத்தங்களை நிறைவேற்றும் பலம் அதற்கு உண்டு. அக்கட்சி நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம்; இத்தகைய பலம் முன்பு எப்படிப் பயன்பட்டது என்பதே இங்கு முக்கியம். 1977இல் 168 ஆசனங்களில் 140ஐ வென்ற ஐக்கிய தேசியக் கட்சி, தன் உறுப்பினர்களிடம் திகதியிடாத பதவி விலகல் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு, 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, ஆம் என்றால் விளக்குக்கு, இல்லை என்றால் குடத்துக்குப் புள்ளடி என்று மக்களிடம் கேட்டு, பொதுத் தேர்தல் நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது. 2010இல் 18ஆவது திருத்தம், ஒருவர் இரு முறை மட்டுமே ஜனாதிபதியாகலாம் என்ற வரம்பை நீக்கியது. கட்சியும் ஆட்களும் மாறினாலும், மூன்றிலிரண்டு பலத்தால் விதிகளையே மாற்றும் இந்த வழி திறந்தேதான் இருக்கிறது.

ஆகவே மேடைப் பேச்சைவிட, அரசின் அதிகாரபூர்வ அறிவித்தல் ஏடான வர்த்தமானியையே முதலில் கவனியுங்கள். எந்தச் சட்டமூலமும் பாராளுமன்ற நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறும் முன் வர்த்தமானியில் தமிழிலும் வெளிவர வேண்டும். ஒழுங்குப் பத்திரத்தில் சேர்ந்த பிறகு உயர் நீதிமன்றத்தில் அதைச் சவாலுக்கு உட்படுத்தக் குறுகிய அவகாசமே உண்டு. சபாநாயகர் சான்றுப்படுத்திவிட்டால் எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தின் செல்லுபடியைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. எனவே வெளியான வாரத்திலேயே வாசிப்பது அவசியம். தனியொருவர் செய்வது கடினம் என்பதால், ஊரிலுள்ள ஒரு சட்டத்தரணியோடு நான்கைந்து பேர் சேர்ந்து வாசிப்பதே நடைமுறைக்கு உகந்தது.

வாசித்த சட்டமூலமே சட்டமாகும் என்று நம்பிவிடாதீர்கள். 2017 செப்டம்பரில் மாகாண சபைகளுக்கான வேட்புமனுவில் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் நோக்கில் கொண்டுவரப்பட்ட சட்டமூலத்தில், குழுநிலையில், அதாவது வாசகங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து திருத்தும் கட்டத்தில், புதிய தேர்தல் முறையே புகுத்தப்பட்டது. அந்தத் திருத்தங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை. பின்னர் அப்புதிய முறைக்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன, ஆதரவாக ஒன்றுகூட விழவில்லை; அதனால் புதிய முறையில் தேர்தல் நடத்த முடியாமல் போனது. இதன் விளைவைத் திருகோணமலையிலேயே பார்க்கலாம்: கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரில் கலைந்தது, இதை எழுதும்வரை அதற்குத் தேர்தல் இல்லை, ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நிர்வகிக்கிறார். ஆகவே குழுநிலை நடந்த நாளுக்கான ஹன்சாட்டை, அதாவது பாராளுமன்ற விவாதப் பதிவை, எடுத்து அதிலுள்ள திருத்தங்களை வர்த்தமானியில் வந்த மூல வாசகத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் மாவட்ட உறுப்பினர்கள் எப்படி வாக்களித்தனர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை இல்லாத இடத்தில் உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்வியைக் குடிமகனே கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். மாகாண அமைச்சிலோ கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) உள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. “வீதிகள் பற்றிய தகவல்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். “2024இல் குச்சவெளிப் பிரதேசத்தின் எந்தெந்த வீதிகளுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அவற்றைத் தெரிவுசெய்த கூட்டத்தின் அறிக்கைப் பிரதி, ஒப்புதலில் கையொப்பமிட்டவரின் பதவி” என்று கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்றை அங்கேயே வாங்கிவிடுங்கள், ஏனெனில் அத்திகதியிலிருந்துதான் நாட்கள் எண்ணப்படும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால், அடுத்த 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடம் செல்லலாம். அங்கும் பயனில்லையேல் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை அணுகலாம். கிடைத்த பதிலை வீட்டில் பூட்டி வைக்காமல், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும் உங்கள் பிரதேச சபை உறுப்பினருக்கும் பத்திரிகையாளருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள்.