கடைசியாக வருகிறவருக்கு ஓய்வு எப்போது?

போன ஜூலையில் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் கரையில் நின்று, கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகுகளில் கிளம்பிய ஒரு குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பேர். முதல் இருவர் அதற்குள் புள்ளியாகிவிட்டார்கள். கடைசி ஆள் இன்னும் துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே கடலில், அதே மாதத்தில், ஒருகாலத்தில் அந்த முதல் இருவரில் நானும் ஒருவன்.

லைஃப் ஜாக்கெட் போடுங்கள், தண்ணீர் எடுங்கள் என்பதையெல்லாம் கயாக்கை வாடகைக்குக் கொடுப்பவரே சொல்லிவிடுவார். அதை விடுவோம். அவர் சொல்லாமல் விடுகிற தவறுகள் இவை.

அமைதியான தண்ணீரை நம்புவது

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் முன்னதைப் பெண் கடல் என்பார்கள், பின்னதை ஆண் கடல் என்பார்கள். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் ஆண் கடல் முரண்டு பிடிக்கும். பெண் கடலோ கரையோரம் குளம்போல் கிடக்கும். அங்கே காற்று இல்லையென்று அர்த்தமில்லை. தரையைத் தாண்டி வரும் காற்று கடலுக்குள் தள்ளுகிறது, கரையை ஒட்டி அலை எழும்ப அதற்கு இடமில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் உள்ளே போனதும் தெரிந்துவிடும்.

“தம்பி, தண்ணி தூங்குதுன்னு நெனைக்காதீக, காத்து முழிச்சிருக்கு” என்று வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர், நாங்கள் கயாக்கில் போன அன்றைக்கே சொன்னார். தலையாட்டிவிட்டுக் கிளம்பினோம்.

காத்திருந்துவிட்டு உடனே கிளம்புவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். நாங்கள் எட்டுப் பேர். கிழக்கே ஓலைக்குடா பக்கம் போகும்போது காற்று முதுகில், எல்லாரும் வீரர்கள். திரும்பும்போது காற்று முகத்தில் அடித்தது, வேகம் பாதியானது, குழு நீண்டுவிட்டது. கடைசியில் வந்தவர் அலுவலக நண்பர், அன்றுதான் முதல்முறை.

நாங்கள் ஒன்றும் கல்நெஞ்சர்கள் இல்லை. மூன்று தடவை நின்று காத்திருந்தோம். தண்ணீர் குடித்தோம், படம் எடுத்தோம். அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், “சரி, வந்தாச்சு, போலாமா?” என்று கிளம்பிவிட்டோம். ஆக, களைப்பில்லாதவர்களுக்கு மூன்று ஓய்வு. களைத்தவருக்கு ஒன்றுகூட இல்லை. நான்காவது தடவை அவர் வரவில்லை.

கயாக் கவிழ்ந்திருந்தது. விசில் ஊதியிருக்கிறார். நாங்கள் காற்று வரும் திசையில் இருந்ததால் சத்தம் எங்களை எட்டவில்லை. மிதந்துபோன தொப்பியைப் பிடிக்கக் கயாக்கை விட்டிருக்கிறார். ஆளில்லாத கயாக்கைக் காற்று தள்ளுகிற வேகத்தில் யாரும் நீந்த முடியாது. லைஃப் ஜாக்கெட் இருந்ததால் ஆள் மிதந்தார். அந்தப் பக்கம் வந்த நாட்டுப்படகுக்காரர் ஒருவர் தூக்கி ஏற்றினார். கயாக் கிடைக்கவே இல்லை. வாடகைக்காரருக்கு எட்டுப் பேரும் சேர்ந்து பணம் கட்டினோம்.

இப்போது நான் கூட்டிப் போகும் குழுவில் மெதுவாக வருகிறவர்தான் எனக்கு அடுத்த ஆள். அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். பின்னால் காவலுக்கு அனுபவசாலி ஒருவர், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. நின்றால், கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்வு நேரமே ஆரம்பம். அதுவும் முழுசாகப் பத்து நிமிடம். முன்னால் இருப்பவர்களுக்குப் போரடிக்கும். அடிக்கட்டும். கவிழ்ந்தால் தொப்பி, பாட்டில், செருப்பு எது போனாலும் போகட்டும், கயாக்கை மட்டும் விடாதீர்கள் என்பதைக் கரையிலேயே இரண்டு தடவை சொல்லிவிடுவேன்.

பருத்திச் சட்டை

உப்பு ஏறிய ஈரத் துணி அக்குளைத் தேய்த்து எடுத்துவிடும். வேண்டாம்.

தீவில் இறங்கிச் சாப்பிடுவது

மன்னார் வளைகுடாப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த ஆசை வரும். அந்த 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

வலைக்குக் குறுக்கே போவது

மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் சுற்றிப் போங்கள். அது ஒருவருடைய சாப்பாடு.

போனைக் கயாக்கில் கட்டி வைப்பது

நீர் புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டுங்கள். அதில் 1554, கடலோரக் காவல் படையின் அவசர எண், முன்பே பதிவாகி இருக்கட்டும். நண்பருடைய போன் கயாக்கோடு போனது.