கிராங்க் சென்சாரை மாற்றும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

ஒரு மணி நேரம் நன்றாக ஓடிய வண்டி, சிக்னலில் நிற்கும்போது திடீரென்று அணைந்துவிடுகிறது. செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. என் வண்டிக்கு இப்படி ஆனபோது முதலில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். அப்புறம் கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். இரண்டுக்கும் பணம் கட்டிய பிறகுதான், சென்சாருக்குப் போகும் வயர், என்ஜினின் சூடான புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உரசி உருகியிருந்தது கண்ணில் பட்டது. அந்தச் செலவு உங்களுக்கு வரக்கூடாது.

பெட்ரோல் பம்ப் மேல் சந்தேகம் விழுவதற்குக் காரணம் உண்டு. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்வது கிராங்க் சென்சார்தான். அந்தச் சிக்னல் வராவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஸ்பார்க் வராது, இன்ஜெக்டர் திறக்காது. பல பெட்ரோல் வண்டிகளில் சாவியைப் போட்டதும் ஓரிரு விநாடி ஓடும் பம்பும் அதற்குமேல் ஓடாது. பம்ப் சத்தம் இல்லை என்பதால் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்பார்க்கும் பெட்ரோலும் ஒன்றாக நின்றுபோனால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் தேடுங்கள்.

அடுத்த தவறு, ஈசியூவில் பதிவான கோளாறு கோடைப் படிக்கும் ஸ்கேனரில் பி0335 என்று வந்த உடனே சென்சாரை ஆர்டர் செய்வது. அந்தக் கோட் குறிப்பது சென்சாரின் சர்க்யூட்டை. சென்சார், வயர், கனெக்டர், ஈசியூ பின் எல்லாமே அதில் அடக்கம். பி0336 வந்தால் சிக்னல் வருகிறது, ஆனால் ஒழுங்காக வரவில்லை என்று பொருள். அப்போது சென்சார் படிக்கும் பல்சக்கரத்தையும், அதற்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். பி0016 வந்தால் கூடுதல் கவனம் தேவை. கிராங்க்கும், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது அது. டைமிங் செயின் நீண்டிருக்கலாம், பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். இதைச் சென்சார் கோளாறு என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தால், சில என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்துவிடும்.

ஸ்கேனரில் வந்த கோளாறு கோடை எடுத்த எடுப்பிலேயே அழிப்பதும் தவறு. கோளாறு பதிவான நேரத்து ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம் போன்ற விவரங்களும் அதோடு போய்விடும். முதலில் அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடே இல்லை என்றாலும் சென்சார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. விட்டுவிட்டு வரும் கோளாறு பதிவாகாமலே போகலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சூட்டில் வரும் கோளாறை ஆறிய வண்டியில் தேடுவது. இரண்டு வயர் கொண்ட காயில் வகைச் சென்சாருக்குள் மிக மெல்லிய செப்புக் கம்பி சுற்றியிருக்கும். அதில் விழுந்த விரிசல் சூட்டில் பிரியும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். காலையில் மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்த்தால் அளவு சரியாகத்தான் இருக்கும். வண்டி நின்ற அந்த நேரத்திலேயே அளவெடுங்கள். முடியாவிட்டால் சென்சாரைக் கழற்றி, மீட்டரை மாட்டிவைத்து, ஹேர் ட்ரையரால் சூடாக்குங்கள். சூட்டில் ஓம் கொஞ்சம் கூடுவது செம்பின் இயல்பு. 20 டிகிரியில் 800 ஓம் காட்டும் காயில் 100 டிகிரியில் சுமார் 1,050 காட்டும். அதைப் பார்த்து சென்சார் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அளவு திடீரென்று எகிறி, சர்க்யூட் அறுந்தது போலக் காட்டினால்தான் காயில் போய்விட்டது. சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

மூன்று வயர் கொண்டது பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காயிலுக்குப் பதில் காந்தப்புலத்தை உணரும் சிப் உள்ளது. அதில் ஓம் பார்ப்பதில் பயனில்லை, சென்சார் கெடவும் கூடும். சாவி போட்டு 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பாருங்கள். பிறகு கிராங்க்கை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பினால் சிக்னல் வயரில் வோல்டேஜ் ஏறி இறங்க வேண்டும். ஆனால் மூன்று வயர் இருந்தாலே ஹால் என்று சொல்லிவிட முடியாது. சில காயில் சென்சார்களில் மூன்றாவது வயர், வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் வெறும் ஷீல்டாக இருக்கும். வயரிங் படத்தைப் பார்க்காமல் மீட்டர் வைக்காதீர்கள். மீட்டர் முனையைக் கனெக்டரின் முன்பக்கத் துளையில் திணிக்கவும் கூடாது. பின் அகன்று, இல்லாத லூஸ் கான்டாக்ட் புதிதாக வந்துவிடும். பின்பக்கமாகத் தொட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டி பிடிக்காத நேரத்தில், ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம்மைத் திறந்துவைத்து செல்ஃப் அடியுங்கள். 150 முதல் 250 வரை நிலையாகக் காட்டினால், அந்த நேரத்தில் சென்சார் வேலை செய்கிறது. கோளாறை வேறு இடத்தில் தேடலாம். பூஜ்யம் காட்டினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். காயில் சென்சாரின் சிக்னல் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. பேட்டரி சோர்ந்து என்ஜின் மெதுவாகச் சுற்றினால் நல்ல சென்சாரும் போதிய சிக்னல் தராது.

கிளட்ச் மாற்றிய பிறகு கோளாறு ஆரம்பித்ததா? பல வண்டிகளில் சென்சார், கிளட்ச் பொருந்தும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை ஒட்டியே இருக்கும். பொதுவாக 60 பல் இருக்க வேண்டிய பல்சக்கரத்தில் 2 பல்லை விட்டிருப்பார்கள். பல் இல்லாத அந்த இடத்தை வைத்துத்தான் ஈசியூ கிராங்க்கின் நிலையைக் கணக்கிடுகிறது. வேலையின்போது ஒரு பல் வளைந்தாலே கணக்கு தப்பும். சென்சார் முனைக்கும் பல்லுக்கும் நடுவே பொதுவாக 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர்தான் இடைவெளி. முனையிலுள்ள காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள்.

கடைசியில் சென்சார்தான் போயிருக்கிறது என்று உறுதியானால், மலிவான நகலை வாங்காதீர்கள். சில மாடல்களில் புதிய சென்சார் மாட்டியதும் ஸ்கேனர் வழியாக ரீலேர்ன், அதாவது ஈசியூ புதிய சென்சாரின் சிக்னலைப் புதிதாகப் பழகிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். அதைச் செய்தார்களா என்று ஒர்க்‌ஷாப்பிலேயே கேளுங்கள். முன்பு எவ்வளவு நேரம் ஓடி, எவ்வளவு சூட்டில் நின்றதோ, அதே அளவு ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்து வாருங்கள்.