கடைசிப் பிள்ளை வீடு போகும்வரை: தொண்டர்களைப் பழக்கும்போது விடுகிற பிழைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிறிய மண்டபம். ஞாயிறு பின்னேரம் ஐந்தரைக்குச் சிறுவர் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. ஆறேகாலாகியும் பத்து வயதுப் பொடியன் ஒருவன் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். அப்பா காலி வீதி நெரிசலில் நிற்கிறார். மற்றத் தொண்டர்கள் கதிரைகளை அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சிய ஒரே தொண்டர் பிள்ளைக்கு ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து, தானே ஓட்டோ பிடித்து பம்பலப்பிட்டியில் வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஒன்றும் நடக்கவில்லை, அப்பாவும் நன்றி சொன்னார். ஆனால் பிழை பிழைதான். அது அந்தத் தொண்டர் தம்பியுடையதல்ல, அவரைப் பழக்கிய எங்களுடையது. பெற்றோர் பிந்தினால் என்ன செய்வதென்று நாங்கள் அவருக்குச் சொல்லியே இருக்கவில்லை. கடைசிப் பிள்ளை போகும்வரை இரண்டு பெரியவர்கள் வாசலில் நிற்க வேண்டும். படிவத்தில் பெயர் உள்ளவரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். தனியாக ஒரு பிள்ளையோடு பயணம் கூடவே கூடாது.

இதற்கெல்லாம் வேர் எங்கே என்றால், “தெரிஞ்ச குடும்பத்துப் பொடியன், நல்லவன்” என்று ஆளை எடுப்பதில். கோயில் வழியாகவோ பழைய மாணவர் சங்கம் வழியாகவோ வருகிறவரை விசாரிப்பது மரியாதைக் குறைவு என்று கூச்சப்படுகிறோம். கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ், முன்பு கூட வேலை செய்த இரண்டு பேரிடம் ஒரு தொலைபேசி விசாரிப்பு, இவ்வளவுதான் தேவை. தலைவரும் அதைக் கொடுத்தால் யாருக்கும் கோபம் வராது.

அடுத்தது, பயிற்சி என்ற பெயரில் அரை நாள் பிரசங்கம். ஸ்லைடு, தேநீர், சான்றிதழ், குரூப் போட்டோ. சரி, அப்புறம்? வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் ரயில் பாதையைக் கடக்க வேண்டும். அங்கே இரட்டைத் தண்டவாளம். ஒரு ரயில் போனதும் பிள்ளைகள் ஓடப் பார்ப்பார்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்துகொண்டிருக்கலாம். யார் முன்னால், யார் கடைசியில், எந்த இடத்தில் தலை எண்ணுவது? இதைத் தொண்டர்கள் மட்டும் ஒருநாள் போய் நடந்து பார்த்தால்தான் பதியும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் இந்தப் பக்கக் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதும் அந்தக் கரையில் நின்று சொன்னால்தான் ஏறும்.

ஆனால் நாம் ஆகக் கூடுதலாகச் சறுக்குகிற இடம் வேறு. ஒரு பிள்ளை ஓரமாக வந்து, “அக்கா, ஒருத்தருக்கும் சொல்ல மாட்டீங்கதானே?” என்று தொடங்கும். பாசமுள்ள அக்கா உடனே, “சத்தியமா சொல்ல மாட்டன்” என்பார். காப்பாற்ற முடியாத சத்தியம் அது. இன்னும் சிலர் பொலிஸ்காரர் மாதிரித் துருவுவார்கள்: “மாமாதானே? அடிச்சாரா?” பதிலை நாமே பிள்ளையின் வாயில் வைக்கிற கேள்விகள் இவை. வேறு சிலர் நேரே அந்த மாமாவையே கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆபத்து அதில்தான் அதிகம்.

சொல்ல வேண்டியது இவ்வளவே: “நீங்க சொன்னது நல்லது தங்கச்சி. உங்கள்ல பிழையில்லை. உதவி செய்யக்கூடிய ஆளுக்கு மட்டும் நான் சொல்லத்தான் வேணும்.” பிறகு பிள்ளை சொன்ன சொற்களையே அன்றைக்கே எழுதி, பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. எந்த நேரமும் அழைக்கலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த எல்லோரும் அதன் கணக்கில் சிறுவர்தான். மீசை அரும்பிய, ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பொடியனும் சேர்த்தி. பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய அந்த மூன்று வசனங்களைப் பயிற்சியில் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் நாக்குத் தடுமாறும்.

சின்ன விஷயங்களும் உண்டு. பிள்ளைக்குத் தனியாக வட்ஸ்அப் செய்தி அனுப்பாதீர்கள், பெற்றோரும் இருக்கிற குழுவில் போடுங்கள். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை எது என்று சிற்றுண்டி பரிமாறுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990 என்பது சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

எங்கள் ஒத்திகைகளில் இப்போது பிந்தி வரும் அப்பாவாக நடிப்பது அந்த ஓட்டோத் தம்பிதான். “நான் வர ஏலாது, பக்கத்து வீட்டு அங்கிளை அனுப்புறன், பிள்ளையை விடுங்கோ” என்று போனில் கெஞ்சுவார். புதியவர்களில் பாதிப் பேர் முதல் தடவை விட்டுவிடுகிறார்கள்.