பிசியோதெரபி ரோபோ வடிவமைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோபோ கட்டுவதில் கைதேர்ந்தவர்களும் மறுவாழ்வு சிகிச்சைக்கான கருவியில் இறங்கியதும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள். ஒரு பாதையை வரைந்து, அதில் இம்மி பிசகாமல் நோயாளியின் கையைக் கொண்டுபோகும்படி மோட்டாரை அமைத்துவிடுவார்கள். தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் ரோபோவுக்கு அது சரி. பக்கவாதம் வந்தவருக்குக் கை நகர்ந்தால் மட்டும் போதாது. நகர்த்த அவரே முயல வேண்டும், தவற வேண்டும், அடுத்த முறை திருத்திக்கொள்ள வேண்டும். மூளை கற்பது அப்படித்தான். கருவியே எல்லாவற்றையும் செய்துவிட்டால் நோயாளி தன்னையறியாமல் முயற்சியைக் குறைத்துக்கொள்வார். இது சோம்பேறித்தனம் அல்ல; குறைந்த உழைப்பில் வேலையை முடிக்கப் பார்ப்பது உடம்பின் இயல்பு.

ஆரம்பகால லோகோமேட் நடைப்பயிற்சிக் கருவி கால்களைக் குறித்த பாதையிலேயே நடத்தியது. பக்கவாத நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2008, 2009-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், பிசியோதெரபிஸ்ட் கையால் கொடுத்த பயிற்சியில்தான் நடை வேகம் அதிகம் முன்னேறியது.

அப்படியானால் எப்படி உதவுவது? திரையில் தெரியும் புள்ளியை நோக்கி நோயாளி கையை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதி தூரம் போகிறார், முழங்கை நீளாமல் நிற்கிறது. அங்கே கருவி உடனே பாயக்கூடாது. ஓரிரு நொடி காத்திருந்து, பிறகு லேசாகத் தள்ளலாம். பாதையிலிருந்து கொஞ்சம் விலகினால் விட்டுவிடலாம். ஒவ்வொரு முயற்சிக்கும் உதவி தானாகவே சிறிது குறைந்துகொண்டே வர வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் மறுபடி ஏற வேண்டும்.

இதெல்லாம் மென்பொருளில் மட்டும் முடிகிற காரியம் அல்ல. சிறிய மோட்டாரில் பெரிய விசை வேண்டும் என்று அதிக கியர் விகிதம் வைத்தால், மறுமுனையிலிருந்து தள்ளும்போது சுவரைத் தள்ளுவது போலிருக்கும். பலவீனமான கையின் முயற்சி கியரின் உராய்விலேயே கரைந்துபோகும், கருவிக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நெவில் ஹோகன், ஹெர்மனோ கிரெப்ஸ் குழு உருவாக்கிய எம்ஐடி-மானுஸ் என்ற கைப்பயிற்சி ரோபோ, தள்ளினால் எளிதில் நகரும்படியே முதலிலிருந்து வடிவமைக்கப்பட்டது. நீங்கள் செய்யக்கூடிய சோதனை எளிது: மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கைப்பிடியை ஒரு விரலால் நகர்த்திப் பாருங்கள். நகராவிட்டால் விசை சென்சாரும் நல்ல கட்டுப்பாடும் வைத்து ஈடுகட்டலாம்தான், ஆனால் பாதி வேலை அதற்கே போய்விடும்.

அடுத்தது மூட்டு. உடலில் மாட்டும் எக்ஸோஸ்கெலிட்டன் வகையில், மூட்டைக் கதவுக் கீல் போல நினைப்பது பெரிய பிழை. முழங்கால் மடங்கும்போதே அதன் அச்சு இடம் மாறும். தோள் இன்னும் மோசம்: கையை உயர்த்தினால் தோள்பட்டை எலும்பும் கூடவே சுழன்று, மூட்டின் மையமே மேலே ஏறும். கருவியின் அச்சு ஒரே இடத்தில் நின்றால் பட்டை தோலை இழுக்கும், உள்ளே மூட்டு நசுங்கும். பக்கவாதத்தில் தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்து இறங்கியிருக்கலாம். அங்கே வலி வந்துவிட்டால் நோயாளி அந்தக் கையை அசைக்கவே பயப்படுவார். தடிமனான பஞ்சு வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. மோட்டார் இல்லாமல் தானாக நகர்ந்து கொடுக்கும் இணைப்புகள் வேண்டும், அல்லது கையின் நுனியை மட்டும் பிடிக்கும் வகைக்கு மாறுவதே நல்லது.

பக்கவாதத்தால் வரும் தசை இறுக்கத்தையும் மறக்கக்கூடாது. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும். குறித்த பாதையிலிருந்து விலகல் கூடினால் விசையைக் கூட்டும் வழக்கமான கட்டுப்பாட்டு முறை இங்கே ஆபத்து. கருவி வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையேல் விட்டுக்கொடுக்க வேண்டும். மென்பொருள் வரம்பு போதாது, மூட்டு வரம்பைத் தாண்டாதபடி இரும்புத் தடுப்பும் இருக்கட்டும். நிறுத்தும் பொத்தான் நோயாளியின் நல்ல கைக்கு எட்ட வேண்டும். மின்சாரம் போனால் கை தொப்பென்று விழக்கூடாது. இத்தகைய கருவிகளுக்கென்றே 2019-இல் ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 80601-2-78 என்ற தரநிலை வந்திருக்கிறது. மாதிரி தயாரான பிறகு அதைப் புரட்டினால் பாதியைக் கழற்ற வேண்டிவரும்.

நோயாளிக்குக் கருவியை மாட்டும் நேரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. இறுகி மூடிய விரல்களைப் பிரித்துக் கைப்பிடியில் வைக்க, பிசியோதெரபிஸ்டுக்கு இரண்டு கையும் வேண்டும். பட்டையை யார் மாட்டுவது? அரை மணி நேர சிகிச்சையில் பத்து நிமிடம் இதற்கே போனால் கருவி மூலையில் துணி போர்த்திக் கிடக்கும். பிசியோதெரபிஸ்டுகளை முதல் வரைபடத்தின்போதே கூப்பிடுங்கள்.

கடைசியாக அளவீடு. ரோபோ தானே எடுக்கும் மதிப்பெண் ஏறுவதை முன்னேற்றம் என்று நம்பிவிடுவது சுலபம். பிரிட்டனில் 770 பக்கவாத நோயாளிகளுடன் நடந்து 2019-இல் வெளியான ராட்டுல்ஸ் ஆய்வில், எம்ஐடி-மானுஸ் பயிற்சி பெற்றவர்களின் கை அசைவு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சற்று மேம்பட்டது. ஆனால் கையைப் பயன்படுத்தும் திறனிலும் அன்றாட வேலைகளிலும் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அதனால் தம்ளரைப் பிடிப்பதா, சட்டைப் பொத்தான் போடுவதா, எந்த வேலை திரும்ப வர வேண்டும் என்பதையும், அதை எந்தச் சோதனையால் அளப்பது என்பதையும் மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.