சங்கத்துக்கு யாப்பு எழுதும்போது சறுக்குகிற இடங்கள்

திருகோணமலைப் பக்கம் மீனவர் சங்கம், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை எதுவானாலும் அதற்கு ஒரு யாப்பு, அதாவது எழுதி வைத்த விதித் தொகுப்பு, இருக்கும். பெரும்பாலும் இன்னொரு சங்கத்தின் யாப்பைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றியதாகவும் இருக்கும். அங்கேயே கோளாறு தொடங்குகிறது. நிலாவெளியில் கரைவலை இழுப்பவர்களின் பிரச்சினை வேறு, மூதூரில் கொட்டியாரக் குடாவுக்குள் தொழில் செய்பவர்களின் பிரச்சினை வேறு.

அதைவிடப் பெரிய தவறு, வழமையையும் விதியையும் ஒன்றாக நினைப்பது. வழமை என்பது நடந்து வருவது. விதி என்பது நடந்தாக வேண்டியது. கரைவலைப் பாட்டில், அதாவது கரைவலை வளைக்கிற இடத்தில், இன்று யார் வலை வளைப்பது, நாளை யார் என்ற முறை ஊரில் எல்லோருக்கும் தெரியும், எழுதுவானேன் என்று விட்டுவிடுவார்கள். சோளகக் காலத்தில் (தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்) இந்தப் பக்கத்துக் கடல் அமைதியாகி, வெளியூர்ச் சம்மாட்டி (வலைக்குச் சொந்தக்காரர்) வந்து கரையில் வாடி (தற்காலிகக் கொட்டில்) போட்டதும் “அப்படி எங்கே எழுதியிருக்கு?” என்ற கேள்வி வரும். இதற்கு மறுபக்கமும் உண்டு. தலைவர் பதவி சம்மாட்டிக்குத்தான் என்பது வெறும் பழக்கம். பொதுக்கூட்டத்தில் வேறொருவர் போட்டியிட்டால் அதைச் சொல்லித் தடுக்க முடியாது.

வசனத்தின் கடைசிச் சொல்லையும் கவனியுங்கள். “கூட்டத்துக்கு வருவது விரும்பத்தக்கது” என்று எழுதிவிட்டு, வராதவரிடம் தண்டம் கேட்கிறார்கள். அது வெறும் ஆலோசனை. தண்டம் வேண்டுமென்றால் “வர வேண்டும்” என்று எழுதி, எத்தனை கூட்டம் தவறினால், எவ்வளவு, யார் தீர்மானிப்பது என்பதையும் சொல்லுங்கள். “தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்” என்ற வசனத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். யார் எடுப்பது என்று அதில் இல்லை, ஆகவே யாரும் எடுப்பதில்லை.

சங்கத்துக்கு மேலே நாட்டுச் சட்டம் இருக்கிறது. வெடி வைத்தோ நஞ்சு கலந்தோ மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் தடை செய்கிறது. அங்கத்தவர் அத்தனை பேரும் கை உயர்த்தினாலும் அதை அனுமதிக்க முடியாது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் பாருங்கள். கந்தோரில் யாரோ வாய்ப்பேச்சாகச் சொன்னதை யாப்பில் ஏற்ற வேண்டாம்.

அப்புறம், திருத்தம். விதியை மாற்றக் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். புது விதி எந்தத் திகதியிலிருந்து செல்லும் என்பதும் வேண்டும். போன மாதம் நடந்ததற்கு இந்த மாத விதியைக் காட்டித் தண்டம் போட்டால் சங்கம் இரண்டாகப் போகும்.