கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் நினைவகத்தில் செய்யும் தவறுகள்

சாட்ஜிபிடி போல உரை எழுதித் தரும் மொழி மாதிரிகளைத் தம் கணினியிலேயே இயக்கிப் பார்க்க விரும்பும் இளைஞர்கள், எந்தக் கார்டு வாங்கலாம் என்று என்னிடம் கேட்க வருகிறார்கள். நான் அன்று செய்த தவறை அவர்களும் அச்சு மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். பவர் சப்ளை போதுமா, கேபினட்டுக்குள் கார்டு அடங்குமா என்பவற்றைக் கடையிலேயே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

புதிய தலைமுறை என்றாலே வேகம் என்று நம்புவது

என்னிடம் இருந்த 8 ஜிபி கார்டை விற்று, கையிலிருந்து மேலும் பணம் போட்டு, அடுத்த தலைமுறையின் 16 ஜிபி கார்டு ஒன்றை வாங்கினேன். பழைய கார்டிலேயே அடங்கியிருந்த, ஏறத்தாழ 5 ஜிபி அளவுள்ள மாதிரியை அன்றிரவே ஓட்டிப் பார்த்தபோது, திரையில் சொற்கள் முன்பைவிட மெதுவாக வந்தன. டிரைவரை மூன்று முறை அழித்து நிறுவினேன். கார்டைக் கழற்றி மறுபடியும் மாட்டினேன். விடியும் நேரத்தில்தான் விவரப் பட்டியலில் பஸ் அகலம், அதாவது கார்டின் சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையிலான தரவுப் பாதையின் அகலம், 128 பிட் என்ற எண் கண்ணில் பட்டது. பழைய கார்டில் அது 256.

கணக்கு எளியது. நினைவகத்தின் ஒவ்வொரு இணைப்பு ஊசியும் (pin) நொடிக்கு எத்தனை ஜிகாபிட் கடத்துகிறதோ, அதைப் பஸ் அகலத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் பேண்ட்விட்த், அதாவது நினைவகம் நொடிக்கு எத்தனை ஜிபி தரவைக் கடத்தும் என்பது, கிடைத்துவிடும். 2020இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டு, 14 ஜிகாபிட் வேகமுள்ள ஜிடிடிஆர்6 வகை நினைவகத்தை 256 பிட் பஸ்ஸில் இணைத்து நொடிக்கு 448 ஜிபி தந்தது. 2023இன் 4060 டிஐ, வேகத்தை 18 ஜிகாபிட்டாக உயர்த்தியும், பஸ்ஸை 128 பிட்டாகக் குறைத்ததால் 288 ஜிபியில் நின்றது. 2025இல் ஜிடிடிஆர்7 நினைவகத்தோடு வந்த 5060 டிஐ, 28 ஜிகாபிட் வேகத்தில் அதே 128 பிட் பஸ்ஸின் வழியாக மறுபடியும் 448க்கே வந்து சேர்ந்தது. நினைவகத் தலைமுறை மாறியும், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும், எண் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

இதற்குக் காரணம் தயாரிப்புச் செலவில் இருக்கிறது. நினைவகத்தோடு பேசும் மின்சுற்றுகள் கார்டின் முதன்மைச் சில்லான ஜிபியுவின் ஓரங்களில் அமைகின்றன. தயாரிப்பு நுட்பம் நுணுகும்போது கணக்கிடும் பகுதி சுருங்கும் அளவுக்கு இவை சுருங்குவதில்லை. அகலமான பஸ் என்றால் பெரிய சில்லு, கூடுதல் நினைவகச் சில்லுகள், பலகையில் கூடுதல் இணைப்புத் தடங்கள் என எல்லாமே செலவு. வேகமான நினைவகம் கிடைத்ததும் பஸ்ஸைக் குறுக்கி அந்தச் செலவை மிச்சப்படுத்த முடிகிறது. அந்த மிச்சம் வாங்குபவரின் கைக்குக் கூடுதல் வேகத்தின் வடிவில் வந்து சேரும் என்று நாம் எண்ணிக்கொள்வதுதான் என்னை இன்றும் எரிச்சலூட்டுகிறது.

4060 டிஐயில் 32 எம்பி கேச் (சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) இருந்ததையும், விளையாட்டுகளில் அது இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்ததையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மொழி மாதிரி ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது தான் எழுதும் ஒவ்வொரு சொல் துண்டுக்கும், தன் எடைகள் (மாதிரியை உருவாக்கும் எண்கள்) முழுவதையும் நினைவகத்திலிருந்து படிக்கிறது. 5 ஜிபி மாதிரிக்கு 32 எம்பி கேச் எந்த மூலைக்கு? 288ஐ 5ஆல் வகுத்தால் நொடிக்கு 57 டோக்கன், 448ஐ வகுத்தால் 89. ஒரு நேரத்தில் ஓர் உரையாடலை மட்டும் ஓட்டும்போது கோட்பாட்டளவில் எட்டக்கூடிய உச்சம் அவ்வளவுதான்.

ஜிபி கூடினால் வேகமும் கூடும் என்று எண்ணுவது

ஒரு நினைவகச் சில்லு பஸ்ஸில் 32 பிட்டை எடுத்துக்கொள்கிறது. ஆகவே 128 பிட் பஸ்ஸில் நான்கு 2 ஜிபி சில்லுகள், மொத்தம் 8 ஜிபி. அதை 16 ஆக்க, பலகையின் மறுபக்கத்தில் மேலும் நான்கைப் பொருத்தி, இரண்டிரண்டு சில்லுகள் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளச் செய்கிறார்கள். 4060 டிஐ 8 ஜிபி 399 டாலருக்கும் 16 ஜிபி 499 டாலருக்கும் வந்தன. இரண்டின் பேண்ட்விட்த்தும் ஒன்றே. 8 ஜிபியில் அடங்காத மாதிரி உங்களிடம் இருந்தால் அந்த 100 டாலர் முழுப் பயன் தரும். ஜிடிடிஆர்7இல் 3 ஜிபி சில்லுகளும் வந்துவிட்டதால், அதே நான்கு இடங்களில் 12 ஜிபியை அடக்கவும் இப்போது வழி இருக்கிறது.

பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது

முடியாது. சில்லுகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை.

கணினி உறையாததை வெற்றியாகக் கொள்வது

நினைவக வேகத்தைத் தாமே உயர்த்துபவர்களுக்கு இதைச் சொல்கிறேன். இன்றைய கிராபிக்ஸ் நினைவகங்களில் பிழையைக் கண்டறிந்து தரவை மறுபடி அனுப்பும் ஏற்பாடு உண்டு என்பதால், வரம்பைத் தாண்டினாலும் திரை சிதறாமல் இருக்கலாம், வேகம் மட்டும் சத்தமின்றிக் குறையும். ஒவ்வொரு படியிலும் ஒரே சோதனையை ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; எண் இறங்கத் தொடங்கிய படிக்கு முந்தைய படியில் நிறுத்திவிடுங்கள்.